கற்பூர அம்பயர் கொடுத்த சிக்ஸர்

இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், சாமி படத்தைப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். இன்று எழுதியே விடுகிறேன்: எங்கள் கற்பூர அம்பயரைப் போல் ஒருவர் உலகக் கோப்பையில்கூட நின்றதில்லை!

தொண்ணூறுகளில் போத்தனூர் ரயில் பாதையோரம் நாங்கள் ஆடிய மேட்சுக்கெல்லாம் அவர்தான் அம்பயர். பூஜை சாமான் கடைக்காரர். ஒரு பையில் பந்து எண்ண ஆறு கூழாங்கல், மறுபையில் கற்பூரமும் தீப்பெட்டியும். தகராறு வந்தால் செங்கல்மேல் கற்பூரத்தை ஏற்றி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வார். பாதிப் பேர் தீயைக் கண்டதுமே அவுட் என்று ஒப்புக்கொண்டு நடந்துவிடுவார்கள். நாய் ஒன்று பந்தைக் கவ்விக்கொண்டு சுண்ணாம்பு எல்லைக்கோட்டைத் தாண்டியபோது, ஏவிவிடவில்லை என்று நாயின் சொந்தக்காரரிடமே சத்தியம் வாங்கிய மனிதர் அவர்.

ஒருநாள் பந்து ஓடுகிற கூட்ஸ் வண்டிக்குள் விழுந்தது. பந்து தொலைந்தது, ஆறு ரன்னோடு நிறுத்துங்கள் என்றார் எதிரணி கேப்டன். "தொலையலீங்க. பாலக்காட்டுக்குப் போயிட்டு இருக்குது. வண்டி மறையற வரைக்கும் ஓடட்டுமுங்க" என்றார் இவர். பதினான்கு ரன் ஓடினார்கள்!

அப்புறம் அந்த ஃபைனல். நாலு வருஷமாக எங்களைத் தோற்கடித்த உடுமலைப்பேட்டைக்காரர்களுக்குக் கடைசிப் பந்தில் ஆறு ரன் வேண்டும். தூக்கி அடித்தார்கள். எல்லையில் நான் பாய்ந்து பிடித்தேன். எங்கள் ஆட்கள் என்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள். என் கால் கோட்டில் பட்டதென்று பேட்ஸ்மேன் கத்தினார்.

அம்பயர் வந்தார். "கால் பட்டுச்சா கண்ணு?"

"படலீங்க."

கற்பூரம் எரிந்தது. மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்த என் கை, அந்தத் துளித் தீயை நோக்கிப் பாதி வழி போய் நின்றுவிட்டது. அவர் என் வெறுங்காலைப் பார்த்தார். குதிகாலில் சுண்ணாம்பு. குனிந்தார், உஃப் என்று ஊதினார்.

"காத்துல அணைஞ்சுபோச்சுங்க. சத்தியம் செல்லாது. சந்தேகம்னா பேட்ஸ்மேனுக்குத்தான். ஆறு ரன்."

விலைபோய்விட்டார் என்று எங்கள் ஆட்கள் ஏசினார்கள். ஒரு வருஷம் அவர் கடையில் ஊதுபத்திகூட வாங்கவில்லை. அவர் வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஒரு வார்த்தை மாற்றாமல். என் கால் பட்டது. அன்றைக்குக் காற்றே அடிக்கவில்லை.