புது மரம் கூடாது

"கதவைச் சாத்தினா நிக்க மாட்டேங்குது!" என்று கத்தினாள் மனைவி.

"எப்படி நிக்கும்? அத்தனை வருஷப் பெயின்டையும் சுரண்டிட்டேனே, இளைச்சுப்போச்சு" என்றார் ஓய்வுபெற்ற சான்றிதழ் சரிபார்ப்பு அதிகாரி.

இந்தப் பழைய வீட்டை வாங்கியதும், "நல்லா ஏமாந்தீங்க மாப்ள!" என்று மனைவியின் அண்ணன் சிரித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் வருகிறார். வாசல் கதவை அதன் அசல் கோலத்துக்குக் கொண்டுவந்து அவர் வாயை அடைத்தே தீருவது என்று அதிகாரி வரிந்துகட்டிக்கொண்டு நின்றார்.

தச்சர் கதவின் அடிப்பலகையைத் தட்டினார். பொலபொலவென்று கொட்டியது.

"செல்லரிச்சிருக்கு சார். புதுப் பலகை போட்டுடலாம்."

அதிகாரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பழைய கதவுல புது மரமா? சர்வீஸ்ல ஒரு ஜெராக்ஸைக்கூட ஒத்துக்காதவன் நான்! இந்த வீட்டு மரம்தான் இந்தக் கதவுல ஏறணும்!"

பரண் பலகை இறங்கியது. பரணில் இருந்த பெட்டிகள் எல்லாம் கட்டிலுக்குக் குடிவந்தன. அது போதவில்லை என்று சமையலறை சன்னல் கதவைக் கழற்றினார்கள். அன்றைக்கே பூனை உள்ளே குதித்துப் பாலைக் காலிசெய்தது.

"அநியாயமா இல்ல? ஒரு கதவை மூட வீட்டையே திறந்து போட்டிருக்கீங்களே!"

"ரசனை கெட்டவளே, சும்மா இரு!"

கடைசியில் நடுச்சட்டத்துக்கு நீளமான மரம் தேவைப்பட்டது.

"கொல்லைக்கதவுல இருக்கு சார். ஆனா அதை அறுத்துட்டா பின்பக்கம்?"

"தகரம் அடிங்க! கொல்லைக்கதவை எவன் பாக்கப்போறான்?" என்று அதிகாரி சீறினார்.

அறுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். பளபளத்த கதவைத் தடவித் தடவிப் பார்த்தார். "அசல் அசல்தான் மாப்ள! நான் சொன்னது தப்பு."

அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்துப் பின்வீட்டுக்காரர் பதறிக்கொண்டு வந்தார்.

"கதவுன்னா உங்களுக்கு உசுருன்னு கேள்விப்பட்டேன், பின்னாடி தகரம் அடிச்சிருக்கே சார்! இது எங்கப்பா கட்டின வீடு. முன்னெல்லாம் தெரு பின்னாடி எங்க பக்கம்தான், இந்த முன்வாசலே அவர் பிற்பாடு உடைச்சு வச்சது. வீடு கட்டினப்ப அங்க வச்ச வாசக்கதவைக் கழட்டி எங்க சார் பத்திரமா வச்சிருக்கீங்க?"