அலாரம் அண்ணாச்சியும் அணு உலைக் கலமும்

உலகத்தில் யாரெல்லாம் பயப்பட மறந்தார்களோ, அவர்கள் பங்கையும் சேர்த்துப் பயந்துகொண்டிருந்தவர் எங்கள் அலாரம் அண்ணாச்சி. தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு இறக்கிக் கொடுக்கும் ஏஜென்சி ஒன்றில் நானும் அவரும் வேலை பார்த்தோம். அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

நிலக்கரிக் கப்பல் வந்தால், இதை எரித்து எரித்துத்தான் கடல் ஏறுகிறது என்று கலங்குவார். காற்றாலை இறக்கை வந்தால், காற்று நின்றுபோனால் என்ன செய்வது என்பார். சோலார் என்றால் ஐப்பசி மழை ஞாபகத்துக்கு வந்துவிடும். எரிச்சலில் மேனேஜர் ஒருநாள், அப்படியென்றால் ஃபேனை அணைத்துவிடவா என்று கேட்டார்.

"அணைச்சா வேர்க்கும்லா?" என்று அதற்கும் கவலைப்பட்டார் அண்ணாச்சி.

இவர் தலையில்தான் அந்த வேலை விழுந்தது. தெற்கே கட்டிக்கொண்டிருந்த அணு உலைக்காக வெளிநாட்டிலிருந்து ராட்சத இரும்புக் கலம் ஒன்று கப்பலில் வருகிறது. அதைத் தட்டையான பார்ஜ் படகுக்கு மாற்றி அனுப்ப வேண்டும். வெறும் இரும்புதான், கதிர்வீச்சே கிடையாது என்று இன்ஜினீயர்கள் விளக்கினார்கள். அண்ணாச்சி தலையாட்டிக் கேட்டுவிட்டு, மறுநாள் சித்திரை வெயிலில் மழைக்கோட்டும் இரண்டு முகக்கவசமுமாக வந்து நின்றார். கதிர்வீச்சுக்கு அயோடின் நல்லது என்று யாரோ சொல்லிவைக்க, மூன்று வேளையும் கடற்பாசி கேட்கிறார் என்று அவர் மனைவி என்னிடம் அழாத குறை.

கப்பல் வருவதற்கு முன்பே, அணு மின்சாரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளப் பல நாட்டு இன்ஜினீயர்கள் எங்கள் துறைமுகத்துக்கு வந்தார்கள். அன்றைக்கு அலாரம் அடித்துவிடக் கூடாதே என்று மேனேஜர் அவரை விருந்தாளிகளுக்கு எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் வாங்க அனுப்பிவைத்தார். அவரோ மக்ரூன் பெட்டியோடு நேரே கூட்டத்துக்குள் நுழைந்து, கானா நாட்டுப் பெண் இன்ஜினீயர் முன்னால் நின்றுகொண்டார்.

"ஏளா, இந்தப் பிள்ளைக்குப் பயமா இல்லையான்னு கேளு," என்றார் என்னிடம்.

கேட்டேன். அணு உலை என்றால் பயம்தான் என்றார் அந்தப் பெண். அவருடைய அம்மா ஊர் ஆஸ்பத்திரியில் கரண்ட் போனால் செல்போன் வெளிச்சத்தில்தான் பிரசவமாம், அதுவும் பயமாம். கடல் ஏறி அத்தை வீடு போய்விட்டதாம். அது வேறு பயம். எல்லா நாடும் சேர்ந்து பேசினால், எதற்கு அதிகம் பயப்பட வேண்டும் என்றாவது தெரியுமே என்றுதான் இவ்வளவு தூரம் வந்தாராம்.

அண்ணாச்சி மெல்ல, "நம்ம ஆலந்தலையிலயும் கடல் வீட்டுக்குள்ள வருதுன்னு சொல்லு," என்றார். மக்ரூன் பெட்டியை அப்படியே அந்தப் பெண் கையில் கொடுத்துவிட்டார். மற்ற நாடுகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கிளம்பும்போது அந்தப் பெண் என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

கலத்தை மாற்றிய அன்று காற்று பிடித்துக்கொண்டது. கிரேனில் தொங்கிய கலம் லேசாகத் திரும்பியது. கீழே பார்ஜ் ஆடியது. மேனேஜர் நகத்தைக் கடித்துத் துப்பினார். அண்ணாச்சி மழைக்கோட்டையெல்லாம் மறந்து, கிரேன் கயிறே தன் கையில் இருப்பதுபோல் விரல்களை இறுக்கிக்கொண்டு வெயிலில் நின்றார். கலம் பார்ஜில் உட்கார்ந்தபோது அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பிள்ளைக்கு மெசேஜ் போடு. நல்லபடியா எறங்கிட்டுன்னு சொல்லு," என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "முழுசா நம்பிர வேண்டாம்னும் சொல்லு."

அப்படியே போட்டேன்.

அண்ணாச்சி இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் இங்கே கரண்ட் போகிறபோதெல்லாம் எனக்கு அவரிடமிருந்து போன் வரும். கானாவில், அந்த ஆஸ்பத்திரியில் கரண்ட் இருக்கிறதா என்று நான் கேட்டுச் சொல்ல வேண்டும். கேட்டும் சொல்கிறேன். சில சமயம் கரண்ட் போயும் போன் வராது. எனக்கு இருப்புக்கொள்ளாது; நானே அவரைக் கூப்பிட்டுவிடுவேன்.