முன் சக்கரம் இழுப்பதா, நாலும் இழுப்பதா?

பாரிவாக்கம்,
12-10-1994

மஸ்கட்டில் இருக்கும் மாப்பிள்ளை சிரஞ்சீவி பரந்தாமன் அவர்களுக்கு, மாமனார் பக்தவத்சலம் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் மாமியார் வரலட்சுமியும் நலம். கஸ்தூரி நலம், வயிற்றில் இருப்பதும் நலம் என்று டாக்டரம்மா போன புதன்கிழமை சொன்னார்கள். நீங்கள் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் அதிகம் அலையாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும். நலமில்லாதது இங்கே ஒன்றே ஒன்றுதான். அது வண்டி விஷயம்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். உங்கள் மாமியாருக்கு ஒரு தரம் உரக்கவே படித்துக் காட்டினேன். "முப்பத்தொரு வருஷம் ஆவடி ஃபேக்டரியில் வண்டிகளைச் சோதித்து முத்திரை போட்டவர் நீங்கள். பிரசவத்துக்குள் பழைய வண்டியாக ஒன்று பாருங்கள் மாமா, ஃப்ரண்ட் வீல் டிரைவா, ஃபோர் வீல் டிரைவா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். மாப்பிள்ளை வாயால் இப்படி ஒரு சொல் வர எந்த மாமனாருக்குக் கொடுத்து வைத்திருக்கும்? ஆனால் உண்மையை மறைக்கக் கூடாது. நான் சோதித்ததெல்லாம் ராணுவ டாங்கி. அதற்குச் சக்கரத்துக்கு மேல் இரும்புப் பட்டை ஓடும். எதிரில் சுவர் இருந்தால் சுவரோடு போகும். முன்னால் இழுப்பதா, எல்லாம் இழுப்பதா என்று அந்த முப்பத்தொரு வருஷத்தில் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

இதில் அவசரம் என்னவென்றால், உங்கள் தாயார் ஞானம்மாள் அவர்கள் வளைகாப்புக்குப் பெரம்பூரிலிருந்து வந்தபோது ஒரு கெடு வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. எங்கள் தெருமுனைச் சேற்றில் அவர்கள் செருப்பு ஒன்று போனது போனதுதான், இன்றுவரை அகப்படவில்லை. ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தால் வாய்க்கால் ரோட்டு மேலேயே ஓடுவதையும் பார்த்துவிட்டார்கள். இந்தத் தண்ணீர்க்காட்டில் நட்ட நடு மழையில் வலி எடுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். ஐப்பசி முதல் தேதிக்குள் வாசலில் ஒரு வண்டி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தானே வந்து மருமகளைப் பெரம்பூருக்கு அழைத்துப் போய்விடுவதாகச் சொன்னார்கள். நான் தலையை ஆட்டினேன். உங்கள் மாமியார் சமையற்கட்டுக்குள் போய் அழுதாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது ஊர் வழக்கம் மட்டுமில்லை மாப்பிள்ளை. அவள் பிரசவ மருந்து இடிப்பதற்கு ஆடி மாதமே சாமான் சேர்க்க ஆரம்பித்தவள். அதையெல்லாம் பொட்டலம் கட்டிப் பெரம்பூருக்கு அனுப்பு என்று நான் எந்த வாயால் சொல்வது?

ஆகவே வண்டி பார்க்கக் கிளம்பினேன். கிடைத்தவை இரண்டு. முதலாவது, என்னோடு ஃபேக்டரியில் இருந்த ஜேம்ஸ் வைத்திருக்கும் சிவப்புச் சின்னக் கார். அதில் முன் சக்கரம் இரண்டும்தான் இழுக்கும். ஜேம்ஸ் நாகர்கோவிலுக்கே திரும்பிப் போகிறபடியால் விற்கிறார். காருக்குப் பெட்ஷீட் போர்த்தி வைத்திருக்கிற மனிதர். இரண்டாவது, குமணன்சாவடியில் மெக்கானிக் உத்தமன் ராணுவ ஏலத்தில் எடுத்து வந்து பச்சைப் பெயிண்ட் அடித்து நிறுத்தியிருக்கும் ஜீப். அதில் கியருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கம்பி இருக்கிறது. அதைத் தள்ளினால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். ஜேம்ஸ் சொன்ன நியாயம், உலகத்தில் மாட்டை வண்டிக்கு முன்னால்தான் கட்டுகிறார்கள், ஆகவே முன் சக்கரம் இழுப்பதுதான் இயற்கை என்பது. எனக்கு அது சரியாகவே பட்டது. அதைப் போய் உத்தமனிடம் சொன்னேன். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "மாடு முன்னால இழுக்குது, சரி. அந்த மாடே சேத்துல மாட்டிக்கினா இன்னா பண்ணுவே அண்ணாத்தே? நம்ம ஜீப்புல நாலு சக்கரமும் மாடு" என்றான். அதுவும் சரியாகவே பட்டது. பக்கத்து வீட்டுச் செங்கல்வராயன் (இந்த மனைப்பிரிவு முழுக்க ஒரு காலத்தில் அவர் வயல்தான்) இரண்டு நியாயத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இழுக்கறதெல்லாம் இருக்கட்டும், நிக்குமா?" என்றார். போய்ப் பார்த்தால் ஜீப்பின் பிரேக்கை மூன்று தரம் மிதித்தால்தான் நிற்கிறது. கேட்டதற்கு, ராணுவத்தில் யாரும் அடிக்கடி நிறுத்த மாட்டார்கள் என்று உத்தமன் விளக்கம் சொன்னான்.

நான் வாய்ப்பேச்சை நம்பி எதற்கும் முத்திரை போடுகிறவன் இல்லை. ஆகவே முறைப்படி சோதனை வைத்தேன். எங்கள் ஃபேக்டரியில் ஒரு வண்டி என்ன சுமை சுமக்கப் போகிறதோ அதே சுமையை ஏற்றித்தான் ஓட்டிப் பார்ப்போம். கஸ்தூரியை ஏற்றிப் பார்க்க முடியாது. எனவே அவள் எடைக்கு நானும், உங்கள் மாமியார் எடைக்கு இரண்டு மணல் மூட்டையும் (இதை அவளிடம் சொல்ல வேண்டாம்), வயிற்றுக்கு ஈடாக எவர்சில்வர் குடத்தில் கழுத்து மட்டும் தண்ணீரும் வைத்துக்கொண்டேன். பின் சீட்டில் குடத்தை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார வேண்டியது. வீட்டு வாசலிலிருந்து பூந்தமல்லி ஆஸ்பத்திரி வாசல் வரை போக வேண்டியது. தண்ணீர் சிந்தினால் வண்டி தோற்றது. தெருவே வேடிக்கை பார்த்தது. கஸ்தூரி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் எனக்குத்தான் பயமாகிவிட்டது.

முதலில் ஜேம்ஸின் கார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. தொட்டிலில் போகிற மாதிரி இருந்தது. வாய்க்கால் வரை. புரட்டாசி மழைக்கே அங்கே முழங்கால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முன் சக்கரம் இரண்டும் ஆசையாக உள்ளே இறங்கின, இன்ஜின் ஒரு தரம் இருமிற்று, அவ்வளவுதான். ஜேம்ஸும் நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் தள்ளினோம். நான் கார்பன் வைத்து எழுதிய சோதனைத் தாளில் 'நீரில் நின்றது' என்பதோடு நிறுத்தியிருக்கலாம். பழக்க தோஷத்தில் 'ஹாரன் சுருதி குறைவு' என்றும் எழுதிவிட்டேன். ஜேம்ஸ் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மறுநாள் ஜீப். உத்தமன் கம்பியைத் தள்ளினான். வாய்க்காலில் வண்டி இறங்கியதும் தெரியவில்லை, ஏறியதும் தெரியவில்லை. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நடந்ததெல்லாம் நன்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் நானும் குடமும் ஒரு முழம் எழும்பி உட்கார்ந்தோம். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது குடத்தில் கால்வாசிதான் இருந்தது. முக்கால்வாசி என் மேல் இருந்தது. தொப்பலாக நனைந்து குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து ஆயா ஒருத்தி ஓடி வந்து யாருக்கு வலி என்று கேட்டாள். யாருக்கும் இல்லை, ஒத்திகை என்றேன். அவள் ஜீப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுல பொண்ண இட்டுகினு வந்தீன்னா பெரியவரே, சாவடியாண்டயே பெத்துடும்" என்று சொல்லித் துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்தாள். நல்ல பெண்.

ஆக, சிந்தாதது போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்தது சிந்திவிட்டது. எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவேன்? 'ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்' என்று உங்கள் மாமியார் இரண்டு வாரமாக என்னைக் குத்திக் காட்டுகிறாள். இவர் ஏன் இப்படிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார் என்று நீங்களும் நினைப்பீர்கள். உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கஸ்தூரிக்கு முன்னால் எங்களுக்கு ஒன்று பிறந்தது. ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் குடியேறிய புதிது. ஒரு வண்டி கிடையாது. வலி எடுத்ததும் நானும் வரலட்சுமியும் மழையில் பஸ்ஸுக்காக ஒன்றேகால் மணி நேரம் ரோட்டில் நின்றோம். குழந்தை தங்கவில்லை. அவள் அதைப் பற்றிப் பேச மாட்டாள். நானும் பேசுவதில்லை. ஆனால் மழை பிடித்தால் எனக்கு அந்த ரோடுதான் ஞாபகம் வருகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை, அதுதான் சங்கதி.

யோசித்து யோசித்துக் கடைசியில் முடிவு கண்டுவிட்டேன். விலைக்கு வாங்காமல், பிரசவம் வரை இரண்டையும் வாடகைக்கு அமர்த்திக்கொள்வது. வீட்டிலிருந்து வாய்க்காலின் அக்கரை வரை ஜீப், நடை வேகத்தில், அடியில் இலவம்பஞ்சு மெத்தை போட்டு. அக்கரையில் ஜேம்ஸின் கார் தயாராக நிற்கும். அங்கிருந்து ஆஸ்பத்திரி வரை கார். நாலும் இழுக்க வேண்டிய இடத்தில் நாலும் இழுக்கும், முன்னது மட்டும் இழுத்தால் போதும் என்கிற இடத்தில் முன்னது இழுக்கும். ஜேம்ஸும் சமாதானமாகி நாகர்கோவில் பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டார். ஐப்பசி ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு இரண்டு வண்டியும் வாசலில் நிற்கும். உங்கள் தாயார் வந்தால் ஒன்றுக்கு இரண்டாகப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பலாம். இது நன்றாக ஆராய்ந்து எடுத்த முடிவு, இனி மாறாது. உங்கள் சம்மதத்தை மறு தபாலில் எழுதவும்.

ஒன்பது கோளும் உங்களுக்கு நல்ல இடத்தில் இருக்கட்டும். வேலை செய்யும் இடத்தில் பெரியவர்களுக்கு என் வணக்கம். கஸ்தூரி தனியாக எழுதுவாளாம்.

இப்படிக்கு,
அன்பு மாமனார்,
பக்தவத்சலம்

பின்குறிப்பு, 20-10-1994: ஏர்மெயில் தபால்தலை வாங்கப் போகாமல் இந்தக் கடிதம் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. இதற்குள் என் தந்தி உங்களுக்குக் கிடைத்திருக்கும். எப்படி நடந்தது என்பது தந்தியில் அடங்காது. ஐப்பசி ஒன்று காலை எட்டு மணிக்கு நான் குமணன்சாவடியில் உத்தமனிடம் பிரேக்குக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மஞ்சள் கூரை டாக்ஸி எங்களைத் தாண்டிப் போயிற்று. "அண்ணாத்தே, அது உங்க ஊட்டம்மா மாரி கீது" என்றான் உத்தமன். அவளேதான். சொன்ன நாளில் சொன்னபடி உங்கள் தாயார் மருமகளை அழைத்துப் போகப் பெரம்பூரிலிருந்து டாக்ஸி வைத்துக்கொண்டு ஏழு மணிக்கே வந்துவிட்டார்களாம். ராத்திரியிலிருந்தே லேசாக இருந்ததைக் கஸ்தூரி யாரிடமும் சொல்லவில்லையாம், காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே நல்ல வலி எடுத்துவிட்டதாம், டாக்டரம்மா சொன்ன தேதிக்கு மூன்று வாரம் முன்னால். அன்றைக்குப் பார்த்து வாய்க்கால் ரோட்டில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. உத்தமன் ஜீப்பைக் கிளப்பப் பார்த்தான், கிளம்பவில்லை. மொபெட்டில் என்னைப் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்த்தான். நான் போய் நிற்கும்போது உங்கள் மகள் பிறந்து பத்து நிமிஷம். இரண்டரைக் கிலோ. அந்தப் பழைய டாக்ஸியில் எந்தச் சக்கரம் இழுக்கிறது என்று டிரைவரைக் கேட்டேன். பின் சக்கரம் என்றான். அதை நான் யோசிக்கவே இல்லை மாப்பிள்ளை.

உங்கள் தாயார் வழி முழுக்கக் கஸ்தூரியின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்களாம். இனி எந்த வீட்டுக்கு என்று நான் கேட்பதற்குள், அவர்களே வரலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்தவ கையால மருந்து சாப்ட்டாத்தான் பச்ச ஒடம்பு தேறும். உங்க ஊட்டுக்கே இட்டுகினு போவலாம். நானும் ஒரு மாசம் அங்கதான் கீறேன்" என்றார்கள். உங்கள் மாமியார் அழுதாள். நானும் அழுதேன், இதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

வண்டி விஷயத்தை எப்படி முடிப்பது என்று நேற்றுக் கஸ்தூரியைக் கேட்டேன். குழந்தையைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எந்தக் காரும் வேணாம்பா. அவரை வரச் சொல்லி எழுதுங்க."