தள்ளிப்போன பன் வண்டி

"மேடம், பன் வண்டி இன்னும் வாசல்லதான் நிக்குது" என்றார் வாட்ச்மேன்.

தலைமையாசிரியை மேசையின் கீழ் டிராயரை முழங்காலால் தள்ளி மூடினாள். பள்ளிக்கூடத்தின் பக்கத்தில் இனிப்பு விற்கக்கூடாது என்று புது உத்தரவு. வெள்ளிக்கிழமை சுகாதார அதிகாரியே நேரில் வருகிறார்.

"தெருமுனைக்குப் போகச் சொல்லுங்க!"

உத்தரவு வராவிட்டாலும் சொல்லியிருப்பாள். சின்ன வயதில் வகுப்பு முழுக்க அவளைக் கூப்பிட்டது 'பூசணி' என்று. எடை பார்க்கும் நாளில் வயிற்றை எக்கிக்கொண்டு வரிசையில் நின்ற கூச்சம் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. தன் பள்ளிப் பிள்ளைகளில் ஒன்றுக்குக்கூட அது வரக்கூடாது.

வண்டி தெருமுனைக்குப் போனது. இடைவேளை மணி அடித்ததும் பள்ளிக்கூடமே தெருமுனைக்கு ஓடியது.

"பஸ் ஸ்டாப்புக்கு அந்தாண்ட தள்ளுங்க!"

அங்கேயும் ஓடினார்கள். மாடிப்படி ஏறவே சிணுங்கும் மூன்றாம் வகுப்பு இப்போது முன்னால் ஓடியது.

"கேட்டைப் பூட்டலையா நீங்க?"

"பூட்டினேன் மேடம். ஏறிக் குதிக்கிறாங்க. சும்மா சொல்லக்கூடாது, நல்லாவே குதிக்கிறாங்க."

"ரசிக்கிறீங்களா? மேட்டு உச்சியில தண்ணித் தொட்டி இருக்கே, அங்க அனுப்புங்க வண்டிய. யார் ஏறுறாங்கன்னு பாத்துடறேன்!"

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "அம்புட்டு தூரம் நானும்ல மேடம் நடக்கணும், தினமும்?"

"நடங்க. உடம்புக்கு நல்லது."

வெள்ளிக்கிழமை இடைவேளை மணியும் அதிகாரியின் காரும் ஒரே நேரத்தில் வந்தன.

"என்னம்மா, பிள்ளைங்களையே காணோம்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் வாட்ச்மேன் கையை நீட்டிவிட்டார். மேடு முழுக்க நீலச் சீருடைகள், எறும்புச் சாரைபோல.

"அது... மலையேற்றப் பயிற்சி சார்" என்றாள். சொன்ன வாயை அப்படியே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"அடடே! வாங்க, நாமளும் ஏறுவோம்!"

அவர் துள்ளிக்கொண்டு ஏறினார். அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. மூச்சு வாங்கியதாலா பயத்தாலா என்று அவளுக்கே தெரியவில்லை. உச்சியில் பிள்ளைகள் கூச்சலும் சிரிப்புமாக வண்டியைப் படார் படாரென்று தட்டிவிட்டு, வந்த வேகத்தில் கீழே பாய்ந்தார்கள்.

அதிகாரி நின்றுவிட்டார். "இது பன் வண்டியாச்சே! இதுக்குத்தான் ஓடி வர்றாங்களா? ஏம்மா, வியாபாரம் அமோகமா நடக்குது போலிருக்கே?"

முடிந்தது கதை என்று தலைமையாசிரியை கண்ணை மூடிக்கொண்டாள்.

"அந்த வயித்தெரிச்சலை ஏன் சார் கேக்குறீங்க?" என்றாள் பன்காரம்மா, தட்டால் விசிறிக்கொண்டே. "வண்டியத் தொட்டுட்டு மணிக்குள்ள திரும்பிடணுமாம், அதான் போட்டி. நின்னு வாங்க எந்தப் பிள்ளைக்கு நேரமிருக்கு? தினமும் பெரிய டீச்சரம்மா ரூமுக்குன்னு வாட்ச்மேன் வந்து வாங்கிட்டுப் போறாரே கிரீம் பன்னு, அது மட்டும் இல்லேன்னா எப்பவோ கடையை மூடியிருப்பேன்!"