இருபத்து மூன்று பூஜ்யமும் ஒன்பதாம் நம்பரும்

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தியும் நலம். அங்கே நீ நலமாக இல்லை என்பது உன் கடிதத்திலேயே தெரிந்துவிட்டதால் அந்த விசாரிப்பைத் தாண்டிப் போகிறேன்.

"நடந்ததை நடந்தபடி எழுதித் தாருங்கள் சித்தப்பா, திங்கட்கிழமை பேராசிரியர் முன்னால் வைக்க வேண்டும்" என்று நீ கேட்டதிலிருந்து நான் உட்காரவில்லை. இதைக்கூட ஃப்ரிட்ஜ் மேல் காகிதத்தை வைத்து நின்றபடியேதான் எழுதுகிறேன். கையெழுத்து நடுங்கினால் அது ஃப்ரிட்ஜின் நடுக்கம், என்னுடையது அல்ல. உன் கிருமி ஆராய்ச்சிக்காக இந்தக் கடைத்தெருவிலிருந்து பாலும் கறியுமாக இருபத்து நான்கு குப்பி மாதிரி அனுப்பினேன். இருபத்து மூன்றில் பூஜ்யம், ஒன்பதாம் நம்பரில் மட்டும் எண்ணி மாளாத கிருமி. "காய்ச்சாத பாலிலும் பச்சைக் கறியிலும் ஒரு கிருமிகூட இல்லையென்றால் ஆபரேஷன் தியேட்டரையே அந்தத் தெருவுக்கு மாற்றிவிடலாமே" என்று பேராசிரியர் சிரித்தாராம், அப்புறம் சிரிக்காமல், "எண்களை நீயே போட்டுக்கொண்டாயா?" என்று கேட்டாராம். உன் இரண்டு வருட உழைப்பு இந்த ஒரு கேள்வியில் தொங்குகிறது. இரு, வாசலில் யாரோ. இல்லை, இந்தக் கடிதத்தை வாங்கிப்போக வரவேண்டிய கூரியர்காரர் இல்லை, பூனை. ஐயா பேராசிரியரே, எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பொய் சொல்லித் தப்பிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் நான் இப்படியா இருப்பேன்?

இனி என் குற்றம். குப்பிகளோடு நீ அனுப்பிய தாளில் முதல் விதியே "கடைக்காரருக்கு முன்கூட்டித் தெரியக்கூடாது" என்பதுதான். நான் யாரிடமும் சொல்லவில்லை, முடிதிருத்துபவரிடம் மட்டும் சொன்னேன். கழுத்தில் கத்தி இருக்கும்போது மனிதன் எதைத்தான் மறைப்பான்? (இந்த வரியைக் காட்டும்போது விரலால் மறைத்துக்கொள்.) நான் முகம் துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் கடைத்தெரு முழுக்கப் பரீட்சைச் செய்தி பரவிவிட்டது. மறுநாள் காலை உன் கையுறைகளை மாட்டிக்கொண்டு, பஞ்சுக் குச்சியும் குப்பிகளுமாகச் சைக்கிளில் போய் இறங்கினால், எந்தக் கடையையும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. எருமைகள் குளித்திருந்தன. பால்காரர்களும் குளித்திருந்தார்கள், அதுதான் பெரிய அதிசயம். கறிக்கடையில் 'முக்கால் கிலோ' (எவ்வளவு கேட்டாலும் அவர் கைக்கு வருவது முக்கால் கிலோதான், அதனால் அந்தப் பெயர்) மருந்துக்கடைக்காரரிடம் வெள்ளைக் கோட்டு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, ஈ விரட்ட மேஜை மின்விசிறியை ஓடவிட்டு, மாப்பிள்ளை மாதிரி நிற்கிறார்.

"எத்தன மார்க் எடுத்தா பாஸ் சார்?"

"இதுல நம்பர் குறைஞ்சாதாங்க நல்லது."

"அப்ப என் மச்சான் எழுதினா முதல் ரேங்க்தான்!" என்றவர், நான் குச்சியால் கறியின் மேல் தேய்ப்பதைக் குனிந்து பார்த்து, "என்ன சார், ஆட்டுக்கு உயிரோட இருந்தப்ப குடையாத காத இப்ப குடையிறீங்க?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் கௌரவத்தை விட்டுவிட்டுச் சிரித்தேன்.

இப்படியாகப் பன்னிரண்டு பால், பன்னிரண்டு கறிக் குச்சி. பதினோரு மணிக்கு வீடு வந்து எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில் வைத்தேன். பெட்டியை ஏற்றிவிட வேண்டிய பேருந்து நாலு மணிக்கு. அதுவரை குப்பிகளைக் காவல் காக்கலாம் என்று நாற்காலியைப் போட்டுக் கண்ணை மூடினேன், திறந்தபோது மூன்றரை. அதற்குள் சித்தி குப்பிகளை ஐஸ் பொட்டலங்களுக்கு நடுவே முட்டை அடுக்குவது போல் அடுக்கிப் பெட்டியையே கட்டி வைத்திருந்தாள். அவளுடைய கெட்டிக்காரத்தனத்தை இந்த இடத்தில் பதிவு செய்கிறேன். ஒன்பதாம் நம்பர் மட்டும் சைக்கிள் பையிலேயே தங்கிவிட்டது எனக்குப் பேருந்து நிலையத்தில்தான் ஞாபகம் வந்தது. கயிற்றைத் தளர்த்தி ஓரமாகச் சொருகி அனுப்பினேன். என் மேல் இருக்கும் தவறு அவ்வளவுதான்.

உன் கடிதம் வந்ததும் எனக்குப் பொறி தட்டியது. காய்ச்சிவிட்டார்கள்! பரீட்சைக்குப் பயந்து பாலைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்திருக்கிறார்கள், கறியை வெந்நீரில் முக்கியிருக்கிறார்கள். சாப்பிட்டது சாப்பிட்டபடி கிளம்பிப் போய் முக்கால் கிலோவைக் கேட்டேன்.

"வெந்நீரா? எனக்குக் குளிக்கவே வெந்நி கிடையாது சார். கறிக்கு வச்சு ஊத்துவேனா?"

"அப்புறம் எப்படிங்க கிருமி இல்லாமப் போகும்?"

"இல்லேன்னா சந்தோஷப்படுங்க! இருந்தா இருக்குன்னு சண்ட, இல்லேன்னா இல்லேன்னு சண்ட. நாளையிலேர்ந்து வேற கட பாருங்க." கத்தியைப் பலகையில் ஒரு போடு போட்டார். எனக்குக் கழுத்து கூசியது.

ஆனால் மனம் அடங்கவில்லை. நம் வீட்டுக்குப் பால் ஊற்றுபவர்தான் ஒன்பதாம் நம்பர். அத்தனை பேர் நடுவில் ஏமாற்றாதவர் ஒருவராவது இருக்கிறாரே என்று நெகிழ்ந்துபோய், அவருடைய வாடிக்கையாளர்கள் வரிசையாகச் செம்போடு நிற்கும் வேளையில் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

"கிருமி உங்க பால்ல மட்டும்தாங்க இருக்கு! இந்தத் தெருவுல நேர்மையான மனுஷன் நீங்க ஒருத்தர்தான்!"

வரிசை அசைந்தது. முதலில் ஒரு செம்பு திரும்பிப் போனது, பிறகு ஐந்தாறு. அவர் என் கையை விடுவித்துக்கொண்டு, "சார், ஒம்பது வருஷமா உங்க வீட்டுக்கு ஊத்துறேன். நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணேன்?" என்றார். குரல் உடைந்திருந்தது. திட்டு வாங்கியவர்கள் என்னைத் திட்டினார்கள், அது நியாயம். பாராட்டு வாங்கியவர் அழுததற்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. இப்போது அவர் சைக்கிள் நம் வாசலில் மணி அடிக்காமல், கொஞ்சம் வேகம் கூடிப் போகிறது. வீட்டில் கறியும் இல்லை, பாலும் இல்லை. கறுப்புத் தேநீரைக் குடித்துக் குடித்து எனக்குத் தூக்கமும் இல்லை.

ஆகவே, இந்தக் கடைத்தெருவில் ஒன்பதாம் நம்பரைத் தவிர அத்தனை பேரும் மாதிரியைக் காய்ச்சிக் கொடுத்து ஆராய்ச்சியைக் கெடுத்தார்கள் என்றும், என் மகள் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை என்றும் உறுதியாகக் கூறிக் கையெழுத்திடுகிறேன்.

பேராசிரியருக்கு என் வணக்கம். உனக்கு ஆசிகள், வேளைக்குச் சாப்பிடு, வெந்ததாகச் சாப்பிடு. எல்லாம் நல்லபடியாக முடியும்.

இப்படிக்கு,
நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல்
உன் சித்தப்பா

பின்குறிப்பு: கூரியர்காரர் வந்துவிட்டார், அவசரம். உறையை ஒட்டும் முன் ஒரு தடவை சித்திக்குப் படித்துக் காட்டினேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டவள், "அவங்க ஏங்க காய்ச்சணும்? அதான் நான் காய்ச்சினேனே" என்றாள். கூரியர்காரரை வாசலிலேயே நிற்கவைத்துவிட்டு விசாரித்தேன். பெரிய பாத்திரத்தில் அடியில் துணி போட்டு, குப்பிகளை மூடியோடு அடுக்கி, அரைமணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டாளாம். ஏன் என்றால் சுவரைக் காட்டுகிறாள். நீ அனுப்பின நோட்டீஸ்தான்: "பாலைக் கொதிக்க வைக்காமல் பயன்படுத்தாதீர்கள், பச்சை இறைச்சியைத் தொட்டால் எச்சரிக்கை." "அவ எழுதினதத்தானே செஞ்சேன்? கொழந்த கையால தொறக்கப் போற சாமான், பச்சையா அனுப்ப மனசு வருமா? இருபத்து மூணுதான் இருந்துச்சு. இன்னொண்ணு எங்கன்னு கேக்கலாம்னா நீங்க குறட்டை."

ஆகவே மேலே உள்ளதைக் கிழித்துப் போட்டுவிட்டு, பேராசிரியரிடம் பின்குறிப்பை மட்டும் காட்டு. யாரும் ஏமாற்றவில்லை. ஒன்பதாம் நம்பரும் கணக்கில் சேராது. அது நாலரை மணி நேரம் வெயிலில் சைக்கிள் பையில் கிடந்தது, அந்தக் கிருமியில் பாதி என் வளர்ப்பு. நாளைக் காலை அதே வரிசைக்கு முன்னால் நின்று பால்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். உடனே இன்னொரு இருபத்து நான்கு குப்பி அனுப்பு; அதுவரை யார் கத்திக்கும் கழுத்தைக் கொடுக்காமல் தாடி வளர்க்கிறேன். மீதியைப் பிறகு எழுதுகிறேன், சித்தி ஈரக் கையை நீட்டிக்கொண்டு வருகிறாள். எத்தனை பேர் கைபட்டுக் குழந்தையிடம் போகப்போகிற கடிதம், கொடுங்கள், ஆவியிலாவது ஒரு தடவை காட்டித் தருகிறேன் என்கிறாள். ஓடுகிறேன்.