ஊருக்குள் பார்வோ

“அடுத்த வாரம் கேரவனோட வந்துடறேன் மச்சான்” என்று வாரன் போனில் சொன்னதும், டெஸ்மண்டின் வாயிலிருந்து ஒரு பொய் தானாக வெளியே வந்து விழுந்தது.

“வர முடியாதுப்பா. ஊருக்குள்ள பார்வோ.”

வாரன், டெஸ்மண்டின் மனைவி நொரீனுக்குத் தம்பி. போன முறை இரண்டு நாளைக்கென்று க்வீன்ஸ்லாந்திலிருந்து வந்தவன், கால்பந்து இறுதிப் போட்டியைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினான். அதுவரை டெஸ்மண்டின் நாற்காலி டெஸ்மண்டுக்குக் கிடைக்கவில்லை. வீட்டிலிருந்த ஒரே நிழல் மரத்தடியில் கேரவனை நிறுத்திக்கொண்டு, காலமெல்லாம் ஆடு மேய்க்கும் கெல்பி நாய்களைப் பழக்கி விற்றுவரும் மனிதனுக்கு, நாயை எப்படி உட்காரவைப்பது என்று தினமும் பாடம் நடத்தினான்.

அந்த வகையில் நல்ல பொய்தான். பின்னால் நொரீன் தரையைத் துடைத்துக்கொண்டிருந்ததை மட்டும் அவன் பார்க்கவில்லை.

“பார்வோவா? யார் சொன்னா?” என்றாள் நொரீன்.

“ஆட்டுச் சந்தையில பேசிக்கிட்டாங்க.”

விளையாட்டாகச் சொல்லக்கூடிய பெயரல்ல அது; நாய்களுக்கு வரும் கொள்ளைநோய். குட்டிகளுக்கு வந்தால் ரத்தபேதியாகப் போய், ஓரிரு நாளில் கதை முடிந்துவிடும். கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். கொட்டிலில் அப்போது ஒரு ஈற்றுக் குட்டிகள் கடைசித் தடுப்பூசிக்காகக் காத்திருந்தன. ஏலத்துக்குப் போகவேண்டியவை.

நொரீன் கணவனைப் பார்த்தாள். அவனுடைய பூட்ஸைப் பார்த்தாள். துடைத்த தரையில் அதிலிருந்து உதிர்ந்திருந்த செம்மண்ணைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது கையில் ப்ளீச் வாளி இருந்தது.

“வெளியில யார்கிட்டயும் மூச்சு விடாத. பழக்கச் சொல்லி நாயை விட்டுட்டுப் போறவங்க பயந்துடுவாங்க. நம்ம வீட்டோட நாம பார்த்துக்கலாம்” என்றாள்.

டெஸ்மண்டுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி சாயங்காலம் வரை தாங்கியது.

கேட்டருகே கால் நனைக்க ஒரு மருந்துத் தொட்டி, பின்வாசலில் ஒரு மருந்துத் தொட்டி. பூட்ஸைத் தேய்த்துக் கழுவி வெளியே விடவேண்டும். குட்டிகளின் கொட்டிலுக்குத் தனி ரப்பர் பூட்ஸ். முதலில் குட்டிகள், பிறகுதான் பெரிய நாய்கள். வரிசை மாறினால் மறுபடி குளியல்.

“பெரிய நாய்க்கெல்லாம்தான் ஊசி போட்டாச்சே” என்று டெஸ்மண்ட் இழுத்துப் பார்த்தான்.

“உன் காலுக்குப் போட்டாச்சா?”

ஊரிலுள்ள எல்லாப் பண்ணைக் கால்களும் வந்து நிற்கிற இடம், அவன் குடிக்கப்போகும் பார் என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. எனவே பாருக்குப் போகக்கூடாது.

விஷயத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம் என்று, நோய் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தானாம் என்று மறுநாள் சொன்னான். கால்பந்து மைதானம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதுவும் போயிற்று.

நோய் வந்த நாய் பிழைத்துவிட்டதாம் என்று அதற்கடுத்த நாள் சொன்னான்.

“அப்போதான் ஆபத்து. குணமான நாயும் கொஞ்ச நாளைக்குக் கிருமியைக் கழிச்சுக்கிட்டே இருக்கும். இவ்வளவு வருஷம் நாய் வளர்க்கிற, இது தெரியாதா?”

தெரியும். அன்று முதல் வெளியே போட்டிருந்த துணிகளை வராந்தாவிலேயே கழற்றவேண்டும் என்று ஆயிற்று. ஜட்டியோடு நின்றவனைத் தபால்காரப் பெண்மணி பார்த்து, “குளிரலையா டெஸ்?” என்று கேட்டுவிட்டு, கடிதங்களை மருந்துத் தொட்டிக்குள் போட்டுவிட்டுப் போனாள். சந்தைக் கம்பியில் தொங்கிப் பழகிய அவனுடைய தொப்பியை நொரீன் கொதிநீரில் போட்டு எடுத்தாள். வெளியே வந்தபோது அது ஒரு குட்டிக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பலமுறை வாயைத் திறந்தான். சொன்னால் தொப்பிக்கு நேர்ந்தது தனக்கும் நேரும் என்று தோன்றியது.

வார முடிவில் கேட்டருகே ஒரு கேரவன் ஹாரன் அடித்தது.

வாரன் புத்தம்புதுப் பூட்ஸோடு இறங்கி, சொல்லாமலே தொட்டியில் கால் நனைத்தான். “மூணு தடவை வண்டியைக் கழுவிட்டுத்தான் வர்றேன் மச்சான். இந்த நேரத்துல அக்காவையும் உன்னையும் தனியா விட்டா நான் என்ன மனுஷன்?”

“நீ எதுக்குப்பா கஷ்டப்படற, திரும்பிப் போயிடேன்” என்றான் டெஸ்மண்ட், உண்மையான உருக்கத்தோடு.

“உள்ள வந்தாச்சுல்ல. இனி குட்டிங்களுக்குக் கடைசி ஊசி போட்டு, அது பிடிக்கிற வரைக்கும் யாரும் வெளிய போகக்கூடாது” என்று நொரீன் கேட்டைப் பூட்டினாள்.

கேரவன் மரத்தடிக்குப் போயிற்று. வாரன் நாற்காலிக்குப் போனான். டெஸ்மண்ட் பூட்ஸ் கழுவப் போனான். பாரும் இல்லை, பந்தும் இல்லை. ஓடி ஒளிய இருந்த ஒரே இடம் கொட்டில். அங்கேயும் வாரன் பின்னாலேயே வந்து, குட்டிகளை எப்படித் தூக்கவேண்டும் என்று செய்துகாட்டினான்.

கடைசி ஊசிக்குக் கால்நடை மருத்துவர் ட்ரூடி வந்தாள். இரண்டு தொட்டியிலும் சிரித்தபடியே கால் நனைத்தாள். நொரீன் டீ போட உள்ளே போனதும், குட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு டெஸ்மண்ட் குரலைத் தாழ்த்தினான்.

“ட்ரூடி, ஒரு உதவி. ஊர்ல இப்போ பார்வோ இல்லைன்னு நொரீன்கிட்ட நீ சொல்லணும். டாக்டர் சொன்னா கேட்பா.”

“எப்பவுமே இல்லையே அண்ணே.”

“தெரியும். வாரன் வரக்கூடாதுன்னு நான்தான் கிளப்பிவிட்டேன். அது தெரிஞ்சா அவ என்னைத் தொலைச்சுடுவா.”

ட்ரூடி காலி ஊசியை டப்பாவில் போட்டு மூடினாள்.

“அக்கா அன்னிக்கே எனக்கு போன் பண்ணிக் கேட்டுட்டாங்க அண்ணே. அப்படி ஒண்ணும் இல்லைன்னேன். ‘அவன்கிட்ட சொல்லிடாத, முப்பது வருஷம் கழிச்சு இப்பதான் பூட்ஸை வெளிய கழட்டப்போறான். போனை வை, வாரனை வரச்சொல்லணும்’னாங்க.”