நாலு டிஸ்க்கும் ஒரு மாமனாரும்

மாமனார் மறுபடியும் அதே இடத்தில் நின்றுவிட்டார்.

ஒரு கை மைக்கைப் பிடித்திருந்தது. வாய் பாதி திறந்திருந்தது. மூக்குக்கண்ணாடியில் விளக்கு வெளிச்சம் விழுந்து கண்கள் தெரியவில்லை. பின்னால் தொங்கிய நீலத் திரைச்சீலைகூட அசையவில்லை.

எடிட்டர் வீடியோவைப் பின்னால் தள்ளி மறுபடி ஓட்டினான்.

"இத்தனை வருஷமா என்கூட உழைச்ச எல்லாருக்கும் நன்றி. கடைசியா, ஒருத்தர்..." என்று ஆரம்பித்தார் மாமனார். நின்றார். வெகுநேரம் நின்றார். எங்கோ யாரோ இருமுவது மட்டும் கேட்டது. பிறகு, "வணக்கம்" என்று கும்பிட்டுவிட்டுத் திரையை விட்டுப் போய்விட்டார்.

எடிட்டருக்குப் புரிந்துபோயிற்று. நடுவில் மாமனார் பேசியதையெல்லாம் கம்ப்யூட்டர் விழுங்கிவிட்டது.

போன வாரம் மாமனாரின் அலுவலகத்தில் அவருக்குப் பணி ஓய்வு விழா. அழைப்பு அவருக்கும் மாமியாருக்கும் மட்டும். எடிட்டர் தன் கேமராவைக் கொடுத்தனுப்பியிருந்தான். யாரோ ஒரு புண்ணியவான் அதை ஸ்டாண்டில் மாட்டி, மாமனாரின் மார்புக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அதைத்தான் இன்று சாயங்காலம் சொந்தக்காரர்கள் கூடிப் பார்க்கப் போகிறார்கள்.

கேட்டது மாமியார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவனிடம் எதையும் கேட்டதில்லை. அந்த வீட்டில் அவன் தொழிலுக்குப் பெயரே 'கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றாரு' என்பதுதான். அப்படிப்பட்டவர் தயங்கித் தயங்கி, "அவர் பேசினதை இன்னொரு தடவை பாக்கணும் மாப்பிள்ளை. முடியுமா?" என்று கேட்டிருந்தார்.

எடிட்டர் ராக்கெட்டுக்கு ஃபோன் போட்டான். ராக்கெட்டும் வீடியோ வெட்டுகிறவன்தான். எதிலும் வேகம் பார்ப்பவன் என்பதால் அந்தப் பெயர். அவன் வெட்டிய வீடியோவில் இதுவரை யாரும் ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேசியதில்லை.

"சத்தம் வருதா?" என்றான் ராக்கெட்.

"இருமல் கேக்குது."

"படம்?"

"நிக்குது."

"அப்ப டிஸ்க் திணறுது. சிஸ்டம், ஷூட் பண்ணினது, வெட்டும்போது நடுவுல சேர்ற டெம்ப் ஃபைல், முடிச்சது எல்லாத்தையும் ஒரே டிஸ்க்ல கொட்டி வச்சிருப்பியே?"

"ஆமா."

"ஒரே வாசல்ல நாலு பேரு முட்டிக்கிட்டா எவன்டா வெளிய வருவான்? ஆளுக்கு ஒரு டிஸ்க் குடு. அப்புறம் பாரு, பறக்கும்."

வீட்டில் பழைய டிஸ்க்குகள் மூன்று இருந்தன. எடிட்டர் கம்ப்யூட்டரைப் படுக்க வைத்து மூடியைக் கழற்றினான். கேபிள்களைப் பிடுங்கினான், இடம் மாற்றினான், செருகினான். ஒரு ஸ்க்ரூ உள்ளே விழுந்து எங்கோ உருண்டது. அதைத் தேடி எடுப்பதற்குள் எந்தக் கேபிள் எதிலிருந்து வந்தது என்பது மறந்துவிட்டது.

பட்டனை அழுத்தினான். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு மினுக்கியது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இதுதான் அப்பா வீடியோவா?"

"இன்னும் ஆரம்பிக்கல."

"எழுத்து போடறதுக்கு முன்னாடி இவ்வளவு நேரம் இருட்டா விடணுமா?"

அவன் பதில் சொல்வதற்குள் ஃபோன் அடித்தது. மாமனார்.

"சொல்லுங்க மாமா."

பதில் இல்லை.

"மாமா? கேக்குதா? ஹலோ?"

ஃபோனை உதறிப் பார்த்தான். ஜன்னலோரம் போய்ப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. வைத்துவிட்டான்.

"அப்பா ஃபோனையா கட் பண்ணீங்க?" என்றாள் மனைவி.

"லைன் செத்துப்போச்சு."

"லைன் ஒண்ணும் சாகல. அப்பா என்ன பேசலாம்னு யோசிச்சுக்கிட்டிருந்திருப்பாரு. கொஞ்சம் பொறுத்தா என்னவாம்?"

பொறுக்கிற நிலையில் அவன் இல்லை. கேபிள்களை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிச் செருகியதில், ஒரு வழியாகக் கம்ப்யூட்டர் எழுந்தது. ஆனால் டிஸ்க்குகள் இடம் மாறியதில் அவற்றின் பெயர்களும் மாறியிருந்தன. வெட்டி வைத்திருந்த காட்சிகள் அத்தனையும் சிவப்பாகி, 'ஃபைல் காணவில்லை' என்றன.

ஒவ்வொரு ஃபைலாகத் தேடிப் பிடித்து இணைத்தான். அவசரத்தில், போன மாதம் ஒரு பல் டாக்டருக்காக எடுத்த விளம்பரத்தையும் சேர்த்து இணைத்துவிட்டான். ஓட்டிப் பார்த்தால், யாரோ ஒருவர் வாயை ஆவென்று பிளந்திருக்க, அதற்குள்ளிருந்து மாமனாரின் குரல் வந்தது: "இந்த இடத்துல நான் நிறைய கத்துக்கிட்டேன்."

"என்னங்க இது!" என்று தலையில் கைவைத்தாள் மனைவி. "எங்க சித்தப்பா இதைப் பாத்தாருன்னா அவ்வளவுதான். உங்களைப் பத்திப் பேச ஏதாவது கிடைக்காதான்னு உக்காந்திருக்காரு."

"மாத்திடறேன், மாத்திடறேன்."

மாற்றினான். ஓட்டினான். ராக்கெட் சொன்னது உண்மைதான். படம் பறந்தது. எங்கே தொட்டாலும் அந்த நொடியே வந்து நின்றது. மாலை விழுந்தது, கைதட்டல் கேட்டது, மாமனார் எழுந்தார், மைக்கைப் பிடித்தார், நன்றி சொன்னார்.

"கடைசியா, ஒருத்தர்..."

நின்றார்.

வேறு டிஸ்க்குக்கு மாற்றிப் பார்த்தான். அங்கேயும் நின்றார். மற்ற இடமெல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடியதால், இப்போது அவர் நிற்பது முன்பைவிடப் பத்து மடங்கு தெரிந்தது.

"அப்ப ஃபைலே போச்சு. கேமரா கார்டுல இருக்கா?" என்றான் ராக்கெட், மறுபடி ஃபோன் போட்டபோது.

"கார்டை அழிச்சு மறுநாளே வேற வேலைக்கு எடுத்துட்டேன்."

"அப்ப வெட்டிடு. 'நன்றி', உடனே 'வணக்கம்'. எவனுக்கும் தெரியாது."

"மாமாவுக்குத் தெரியுமே!"

"பேசினவனுக்கு என்ன பேசினோம்னு ஞாபகம் இருக்காதுடா. நம்பு."

எடிட்டர் வெட்டினான். 'கடைசியா, ஒருத்தர்' என்பதையும் சேர்த்து வெட்டினான். ஒட்டினான். 'எல்லாருக்கும் நன்றி. வணக்கம்.' ஒட்டுப்போட்ட தடமே தெரியவில்லை. அவனுக்கே பெருமையாக இருந்தது.

முடித்த வீடியோ தயாரானதும் இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. வெட்டாத பதிவை மனைவி எப்போதாவது திறந்து பார்த்தால்? 'எங்கப்பா பேச்சைத் தின்னுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருந்தீங்களா?' என்று ஆயுசு முழுக்கக் கேட்பாளே! பழைய பதிவு இருந்த டிஸ்க்குகளை எல்லாம் சுத்தமாகத் துடைத்தான். அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது.

சாயங்காலம் மாமனார் வீட்டுக் கூடத்தில் உட்கார இடமில்லை. சித்தப்பா முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்தார். மாமியார் டிவிக்குப் பக்கத்தில் சுவரோரமாக, சேலை முந்தானையைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

வீடியோ ஓடியது. எடிட்டர் திரையைப் பார்க்கவில்லை. பார்ப்பவர்களின் முகங்களைப் பார்த்தான். மாலை வந்தது. கைதட்டல் வந்தது. மாமனார் பேசினார். அந்த இடம் நெருங்கியபோது சித்தப்பாவின் முகத்தையே பார்த்தான்.

"எல்லாருக்கும் நன்றி. வணக்கம்."

கூடமே கைதட்டியது.

"பரவாயில்லையே, சினிமா மாதிரி சர்ருனு போகுது!" என்றார் சித்தப்பா. அந்த வீட்டில் அவன் முதுகில் தட்டிக்கொடுத்த முதல் கை அவருடையது. மாமனார் அவன் பக்கம் திரும்பி நெடுநேரம் பார்த்தார். பிறகு, "ம்" என்றார்.

எடிட்டர் நாற்காலியில் சாய்ந்தான். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

எல்லோரும் எழுந்து பேச ஆரம்பித்தார்கள். மாமியார் மட்டும் அணைந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல அவனருகில் வந்து, யாருக்கும் கேட்காதபடி குனிந்து கேட்டார்:

"மாப்பிள்ளை, கடைசியில என்னைப் பத்திச் சொல்ல வந்து, என்னையே பாத்துக்கிட்டு, வார்த்தை வராம அவ்வளவு நேரம் நின்னாரே, அந்த இடம் எப்ப வரும்?"